ஷாட்கன் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்: டெக்சஸில் தொடலாமா, சாங்கிக்குக் கொண்டுவரலாமா?

பொங்கோலில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ஹியூஸ்டனில் உள்ள மச்சான் வீட்டுக்குப் போகிறோம். அவர் 'டாரஸ் ஜட்ஜ்' என்ற ரிவால்வர் வாங்கியிருக்கிறார். அதில் ஷாட்கன் தோட்டாவையும் போட்டுச் சுடலாமாம். குட்டையான ஷாட்கனுக்கு அமெரிக்காவிலேயே கட்டுப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியிருக்க இதை எப்படிக் கடையில் விற்கிறார்கள்? நானும் மனைவியும் சுடுதளத்தில் அதைச் சுட்டுப் பார்க்கலாமா? நான் சிங்கப்பூர்க் குடிமகன்; மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. காலித் தோட்டாக் கூடு ஒன்றை நினைவுப் பொருளாகக் கொண்டுவர மகன் ஆசைப்படுகிறான்."

முதலில் துப்பாக்கியின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கச் சட்டம் அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஷாட்கன் தோட்டா என்பது பல சிறு ஈயக் குண்டுகளை ஒரே நேரத்தில் பாய்ச்சுவது. பரவலாக விற்கப்படும் ஷாட்கன் தோட்டாக்களில் மிகச் சிறியது .410. மற்ற ஷாட்கன்களுக்குச் சொல்லப்படும் '12 போர்' போன்ற அளவு ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலின் அளவுக்கு எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்னும் பழைய கணக்கு; .410 என்பதோ நேரடியாக அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம், ஏறத்தாழ 10.4 மில்லிமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் வந்த '.45 கோல்ட்' ரிவால்வர் தோட்டாவின் கூடும் இதன் கூடும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், உருளையின் அறைகளை நீளமாக்கிவிட்டால் இரண்டையும் ஒரே துப்பாக்கியில் மாற்றி மாற்றி இடலாம். டாரஸ் ஜட்ஜில் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த 'கவர்னர்' ரிவால்வரில் ஆறு. மயாமி நீதிபதிகள் தற்காப்புக்காக இதை வாங்குவதாக அறிந்து 2006இல் 'ஜட்ஜ்' என்று பெயர் சூட்டியதாக டாரஸ் சொல்லிவருகிறது. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைத்திருக்காது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை குழலின் உட்புறத்தில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், தோளில் ஊன்றிச் சுடும் ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் அதைப் பதிவுக்கு உட்படுத்துகிறது. அதே சட்டம், உட்புறம் வழுவழுப்பாக இருந்து ஷாட்கன் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கியை 'பிற ஆயுதம்' என்ற தனி வகையில் சேர்த்து அதற்கும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால், குழலுக்குள் தோட்டாவைச் சுழலச் செய்யும் திருகுவரிகள் வெட்டப்பட்ட கைத்துப்பாக்கியை அந்த வகையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. ஜட்ஜின் குழலில் ஆழம் குறைந்த திருகுவரிகள் உண்டு; .45 தோட்டாவும் அதற்குப் பொருந்தும். தோளில் ஊன்றும் கட்டையும் கிடையாது. ஆகவே கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் அது சாதாரண ரிவால்வர். அதே துப்பாக்கியின் வரிகளை யாரேனும் அனுமதியின்றி இழைத்து எடுத்துவிட்டால், அந்தக் கணமே அது பதிவில்லாத ஆயுதமாகிவிடும். இந்த வகை ஆயுதங்களுக்கு அரசு விதித்த வரிப்பணம் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கப்பட்டுள்ளது என்றாலும் பதிவுக் கட்டாயம் நீங்கவில்லை.

இந்த விசித்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1934இல் மசோதா முதலில் வந்தபோது எல்லாக் கைத்துப்பாக்கிகளும் அதில் அடங்கியிருந்தன; பிறகு அவை கைவிடப்பட்டு, வழுவழுப்பான குழல் கொண்டவை மட்டும் உள்ளே தங்கிவிட்டன. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனத்தின் 'ஹேண்டி கன்' என்ற .410 கைத்துப்பாக்கியின் விற்பனை அத்துடன் முடிந்தது. அளவிலும் ஒரு வரம்பு இருக்கிறது: குழலின் விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டினால் வேறு, மேலும் கடுமையான பிரிவு குறுக்கிடும். டாரஸ் 2011இல் காட்சிக்கு வைத்த, அந்த வரம்பைத் தாண்டிய 28 கேஜ் ('போர்' கணக்கின் இன்னொரு பெயர்) ரிவால்வர் கடைக்கு வராமலே போனது. மாநிலங்களும் ஒன்றுபோல் இல்லை. கலிஃபோர்னியா, 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலில் ஷாட்கன் தோட்டாவைச் சுடும் எதையும் குட்டை ஷாட்கனாகவே கொள்வதால், அங்கே ஜட்ஜ் தடைசெய்யப்பட்ட ஆயுதம். டெக்சஸில் அந்தச் சிக்கல் இல்லை.

சட்டத்திலிருந்து காப்பாற்றும் அந்தத் திருகுவரிகளே சுடும் தரத்தைக் கெடுக்கின்றன என்பதையும் உங்கள் மச்சானிடம் சொல்லலாம். ஈரக் குடையைச் சுழற்றினால் நீர்த்துளிகள் நாற்புறமும் தெறிப்பதைப் போல, சுழன்று வெளிப்படும் ஈயக் குண்டுகள் சில மீட்டரிலேயே பரந்து, நடுவில் வெற்றிடம் விட்டுப் போகும். இது ஷாட்கனாகவும் அரைகுறை, ரிவால்வராகவும் பருமன் என்பது என் கருத்து.

இனி நீங்கள் கேட்டவற்றுள் மிக முக்கியமானது. உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் விடை வேறு வேறு. குடியேறா விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. சுடுதளத்தில் சில நிமிடங்கள் கையில் வாங்குவதும் 'வைத்திருத்தல்' என்றே கொள்ளப்படும். சுற்றுலா விசாவில் செல்லும் உங்கள் மனைவி இதற்குள் வருகிறார். 2022க்குப் பிறகு இக்குற்றத்துக்கு 15 ஆண்டுவரை சிறை. தெரிந்தே கொடுத்தவரும் குற்றவாளியாவார் என்பதால் மச்சானும் மாட்டிக்கொள்வார். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அந்த வழியை நாட விரும்பினால் அங்குள்ள வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களோ 'எஸ்டா' அனுமதியுடன் விசாவின்றி நுழைபவராக இருந்தால் இத்தடை உங்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் விதியைத் திருத்தியது. பழைய அமெரிக்க விசா ஒன்று உங்கள் கடப்பிதழில் இருந்து, அதைக் காட்டி நுழைந்தால் நிலைமை மாறிவிடும். எதைக் கொண்டு நுழைகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரில் குழலில் திருகுவரி உண்டா, இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே வேலையில்லை. ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். காயப்படுத்தும் நோக்குடன் சுட்டாலோ சுட முயன்றாலோ, எவருக்கும் காயம் படாவிட்டாலும், மரண தண்டனை. வீட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி என்பதற்கு இங்கே நடைமுறையில் இடமில்லை. விளையாட்டுக்காகச் சுட விரும்புவோர் சங்கங்களின் வழியாகத்தான் செல்ல வேண்டும்.

காலிக் கூட்டைப் பொறுத்தவரை, கொண்டுவர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தேசிய சேவை ஆற்றியவர் நீங்கள் என்றால், சுடுபயிற்சி முடிந்ததும் தோட்டாவோ காலிக் கூடோ தம்மிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதிகூறியது நினைவிருக்கும். சாங்கியில் நின்றுகொண்டு "இது வெறும் கூடுதான்" என்று விளக்கும் நிலை வேண்டாம். மகன் விடாப்பிடியாக இருந்தால், காவல்துறையின் உரிமப் பிரிவுக்குப் பயணத்துக்கு முன்பே எழுதி, எழுத்துமூலப் பதிலைப் பெறுங்கள். கடைகளில் விற்கும் ரிவால்வர் வடிவச் சிகரெட் லைட்டரும் இங்கே இறக்குமதி செய்யத் தடைசெய்யப்பட்ட பொருள். விளையாட்டுத் துப்பாக்கிக்கும் அனுமதி தேவைப்படலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பையின் மூலையில் தெரியாமல் தங்கிவிடும் சுடாத தோட்டா. சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையை விமானப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மச்சானின் பையை இரவல் வாங்கவும் வேண்டாம். சட்டை, கால்சட்டைப் பைகளை உதறிப் பார்த்து, உடைகளைத் துவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். துப்பாக்கி மருந்தில் நைட்ரோகிளிசரின் கலந்திருப்பதுண்டு. அதன் துகள் துணியில் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தின் வெடிபொருள் சோதனைக் கருவி ஒலி எழுப்பக்கூடும்.