மணலில் பாறை இறக்கினால் அது பழுதுபார்ப்பா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் கிளமென்டியில் 2021-லிருந்து மண்சரிவு மாற்றி மண்சரிவு, கடலோர ரயில் அடிக்கடி நின்றுபோகிறது. பாதையோ 1880-களில் போட்டது. இருக்கிற பாதையைச் சரிசெய்ய, கடற்கரையில் எதைக் கட்டவும் அனுமதி தரும் மாநிலக் கடலோர ஆணையத்தின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? பழுதுபார்ப்புக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்கிறார்களே? – வாசகர், இர்வைன்

உண்டு. 1976-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா கடலோரச் சட்டம், 30610-ஆம் பிரிவின் ‘டி’ உட்பிரிவைப் பாருங்கள். இருக்கும் கட்டுமானத்தைப் பெரிதாக்காத, நீட்டிக்காத பழுதுபார்ப்புக்கு அனுமதி வேண்டாம் என்கிறது. ஆனால், கடற்கரைக்குப் பெருங்கெடுதல் செய்யக்கூடிய வேலைமுறைகள் எவையென்று ஆணையம் விதி வகுத்தால் அவற்றுக்கு இந்த விலக்கு செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியல்தான் விதி 13252.

வேலைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அந்த விதி கேட்பது இரண்டு: எந்த இடம், எதைக் கொண்டு? மணற்பரப்பு, கடலோரக் குன்றின் விளிம்பிலிருந்து 50 அடிக்குள், கடல்நீரிலிருந்து 20 அடிக்குள் – இந்த இடங்களில் இயந்திரத்தை நிறுத்தினாலோ, கட்டுமானப் பொருளை வைத்தாலோ, பாறையோ மணலோ போட்டாலோ எடுத்தாலோ விலக்கு போய்விடும். ‘ரெண்டு நாளைக்குத்தான்’ என்ற சமாதானம் எடுபடாது. தற்காலிகமும் கணக்கில் சேரும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

ஊருக்குள் ஓடும் பாதையில் ஸ்லீப்பர் மாற்றி, ஜல்லி நிரப்பி, தண்டவாளத்தை மட்டம் பார்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அதே வேலையைக் கடலோர ஊரான டெல் மாரில் செய்தால் கதை வேறு. அங்கே பாதை குன்றின் மேல் விளிம்பை ஒட்டிப் போகிறது, 50 அடிக்குள் மாட்டிக்கொள்கிறது. சான் கிளமென்டியில் பாதை குன்றின் அடிவாரத்தில், மணலை ஒட்டி.

இன்னும் இரண்டு எண்கள் நினைவிருக்கட்டும். ஏற்கெனவே உள்ள கடல் தடுப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வேறு வகைப் பொருளால் மாற்றினால் அனுமதி வேண்டும். 50 சதவீதத்தைத் தொட்டால் அது பழுதுபார்ப்பே அல்ல, புதுக் கட்டுமானம்.

சின்ன வேலை என்றால் 30624.7-ஆம் பிரிவின்படி ‘அற்ப வேலை’ விலக்குக் கேட்கலாம். ஆணையத்தின் நிர்வாக இயக்குநரே தருவார்; உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆட்சேபித்தால் முழு விண்ணப்பமாகிவிடும். வரைபடத்தில் குன்றின் விளிம்பு, 50 அடிக் கோடு, உயர் அலைக் கோடு (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை), அதிலிருந்து 20 அடி, இயந்திரம் நிற்கும் இடம், வந்துபோகும் வழி எல்லாவற்றையும் குறித்து அனுப்புங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டும் இல்லாததால்தான்.

கேள்வி: ராத்திரி மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. அனுமதிக் காகிதம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? – வாசகர், ஓஷன்சைடு

வேண்டாம். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

30611-ஆம் பிரிவு: உயிருக்கோ பொதுச் சொத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் வேலையைத் தொடங்கிவிடலாம். என்ன வேலை, எங்கே என்று மூன்று நாளுக்குள் நிர்வாக இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று நாள் என்பது விபத்து நடந்ததிலிருந்து அல்லது ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, எது முந்தியதோ அதிலிருந்து. 25,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள நிரந்தரக் கட்டுமானத்துக்கு இது உதவாது. சரிந்த மண்ணை அள்ளலாம். தடுப்புச்சுவர் எழுப்ப முடியாது.

சுவருக்கும் பாறைக்கும் 30624-ஆம் பிரிவின் அவசர அனுமதிதான். கடிதம் எழுத நேரமில்லையென்றால் தொலைபேசியிலேயே கேட்கலாம். அவசரத்தின் தன்மை, காரணம், இடம், செய்யப்போகும் வேலை, செய்யாவிட்டால் என்ன ஆகும் – இவ்வளவும் சொல்ல வேண்டும். பொதுவாக 30 நாளில் முடியக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். ‘திடீரென, எதிர்பாராமல்’ நேர்ந்தது என்று காட்ட வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஆண்டுக்கணக்காக மெல்ல அரித்துவரும் கரையை அவசரம் என்று கொண்டுபோனால் கேள்வி வரும். அளவீடுகளைத் தேதியோடு வைத்திருங்கள்: போன வாரம் விரிசல் எத்தனை அங்குலம், மழைக்குப் பின் எத்தனை அங்குலம்.

அவசர அனுமதி கடன் மாதிரி. வழக்கமான அனுமதிக்கு முழு விண்ணப்பத்தைக் கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போட்ட பாறையை எடுக்கச் சொல்லலாம். ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தக் கோப்பை மறந்துவிடுகிறார்கள். அப்படி மறப்பது கடற்கரைக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

கேள்வி: நெடுஞ்சாலைக்கு மட்டும் தனிச் சலுகையாமே? – வாசகர், சான் டியாகோ

ஆம். 30600-ஆம் பிரிவின்படி, வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு போன்றவற்றால் சேதமான சாலையை ஓராண்டுக்குள் பொது நிறுவனம் அவசரமாகச் சீரமைத்தால் அனுமதி வேண்டாம். அகலப்படுத்தக் கூடாது, அதிகாரபூர்வ இயற்கைக்காட்சிச் சாலையாகவும் இருக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் – சான் டியாகோ – சான் லூயிஸ் ஒபிஸ்போ ரயில் தடத்துக்கும் இதை நீட்டிக்க 2025-இல் செனட் மசோதா 741 கொண்டுவரப்பட்டது. ஒப்பந்தம் போடும் நாளில் அந்தப் பிரிவின் அன்றைய வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாறையை ரயிலிலிருந்தே கொட்டிவிட்டால் மணலில் இயந்திரமே இறங்காதே? – வாசகர், கார்ல்ஸ்பாட்

இயந்திரப் பிரச்சினை குறையும். ஆனால் பாறை மணலில்தானே விழுகிறது? விலக்கு கிடைக்காது.

பொறியியலாகவும் கொட்டுவது மட்டும் போதாது. அடிப்பாறைகளை மணல் அரிப்பு எட்டும் ஆழத்துக்குக் கீழே, முடிந்தால் கெட்டித் தரையில் பதிக்க வேண்டும். பின்னால் வடிகட்டித் துணியோ சிறுகல் அடுக்கோ வேண்டும். அது இல்லாமல் டன் கணக்கான பாறைகளை அடுக்கினாலும் அலை உறிஞ்சும்போது இடுக்கு வழியே மண் வெளியேறி, ஜல்லிக்கு அடியில் பொந்து விழும். அடி பதியாத பாறை ஒவ்வொரு குளிர்காலப் புயலிலும் கொஞ்சம் தாழ்ந்து, முன்னால் உருண்டு, மக்கள் நடக்கும் மணலை அடைத்துக்கொள்ளும். பழைய பாறைகளைத் திரட்டித் திரும்ப அடுக்குவதையே முதலில் பாருங்கள். ஆணையமும் அதைத்தான் முதலில் கேட்கும். கரை ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் கடல் முன்னேற, கடற்கரை நடுவில் நசுங்கி மெலியும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிரனியன் மீன் பௌர்ணமி, அமாவாசையை அடுத்த இரவுகளில் மணலில் முட்டையிடும். முட்டை, கடல் அடுத்து உயர்ந்து ஏறும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், மணலுக்குள் இருக்கும். அந்தப் பட்டையில் டிராக்டர் ஓடக் கூடாது.

கேள்வி: ரயில் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் தடுக்க முடியாது என்கிறாரே என் நண்பர்? – வாசகர், ஓஷன்சைடு

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் போக்குவரத்தைத் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் தனி அதிகாரத்தில் வைத்திருக்கிறது, வாதம் வலுவானதுதான். ஆனால் பாறை உயர் அலைக் கோட்டுக்குக் கீழே போனால் மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் கடலோர மண்டல மேலாண்மைச் சட்டப்படி, அந்த அனுமதி மாநிலத்தின் கடலோரத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இதே ஆணையம்தான்.

படையின் பொது அனுமதி எண் 3 பழுதுபார்ப்புக்கானது. புயலில் அழிந்ததை மாற்ற இரண்டு ஆண்டுக்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தமாவது ஆகியிருக்க வேண்டும். எண் 13 கரைப் பாதுகாப்புக்கு: பொதுவாக 500 அடி நீளம், ஓர் அடி நீளத்துக்கு ஒரு கன கஜம் பொருள் வரை.