பள்ளி மாணவர்கள் கல்லூரியில் எந்தப் படிப்பை எடுப்பது என்பதை உண்மையில் எது தீர்மானிக்கிறது?

ஆர்வம், மதிப்பெண், அப்பா அம்மா, வேலை வாய்ப்பு என்று வழக்கமான பதில்கள் இருக்கின்றன. எதுவும் தப்பில்லை. ஆனால் பல வருஷமாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிற எனக்குத் தெரிந்தவரை, விண்ணப்பம் கைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பிள்ளைகள் நிறையப் படிப்புகளை மனதுக்குள் கழித்துக்கட்டிவிடுகிறார்கள். மிச்சம் நிற்பதில் ஒன்றை எடுப்பதைத்தான் நாம் தேர்வு என்கிறோம்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981இல் இதைத்தான் சொன்னார். 6 முதல் 8 வயதுக்குள் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்று ஒரு கழிவு. 9 முதல் 13க்குள் 'நம்மைப் போன்றவர்களுக்கு இது எட்டாது, இது கௌரவக் குறைச்சல்' என்று இன்னொரு கழிவு. தனக்கு என்ன பிடிக்கும் என்று பிள்ளை யோசிக்க ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4807 சிறு பிள்ளைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி, 1983இல் முடிவை வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண், விருப்பப் படிவத்தில் பென்சிலால் 'கணிதம்' என்று எழுதி அழித்திருந்தாள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் தடம் தெரிந்தது. ஏன் என்று கேட்டால், "கணக்கு எங்க அண்ணனுக்குத்தான் மிஸ் வரும், நான் நல்லாப் பேசுவேன்" என்கிறாள். நான் எட்டு வரியில் சொல்லிக்கொடுத்த தொகையிடல் கணக்கை அவள் தேர்வில் மூன்றே வரியில் போட்டிருந்தாள். நானோ 'சரி' போட்டு மதிப்பெண் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இது எவ்வளவு அழகான வழி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் வீட்டில் யாரும் அவளை மட்டம் தட்டியதில்லை, பாசமாகத்தான் 'இவன் கணக்குப் புலி, இவள் வாயாடி' என்று பிரித்து வைத்திருந்தார்கள், அதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியது இங்கே பொருந்தும்: 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து ஜெயித்த அனுபவம். ஆனால் ஜெயித்ததே பிள்ளைக்குத் தெரியாமல் போனால்?

நண்பர்கள் சேரும் படிப்பில் சேருவதும் உண்டு, அது சீக்கிரம் கலைகிற காரணம். பணம் அப்படியல்ல. வீட்டுக் கடன் தெரிந்த பிள்ளை, அதிக வருஷம் இழுக்கும் படிப்பைப் பற்றி வாயே திறக்காது, "அதில் விருப்பமில்லை" என்று மட்டும் சொல்லும். பெற்றோர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் உங்கள் பிள்ளையிடம் 'என்ன படிக்கப்போகிறாய்' என்பதோடு, 'எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டாய், ஏன்' என்றும் கேளுங்கள். படித்துப் பார்த்துப் பிடிக்காமல் விட்டதென்றால் சரி, விட்டுவிடலாம். 'அது அண்ணனுக்குத்தான் வரும்' என்பது போல ஒரு காரணம் வந்தால், அந்தப் படிப்பைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் விடைத்தாளை நீட்டி, இந்த மூன்று வரி எப்படி வந்தது, எனக்கு விளக்கு என்றேன். பத்து நிமிஷம் நிறுத்தாமல் விளக்கினாள். பிறகு அவள் சேர்ந்தது பொருளாதாரம். கணிதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்தாள்.