பொதுப்பாடம் யார் தலையில்? – கேள்வி பதில்

புதிய பொதுப்பாடத் திட்டம் (மாணவர்கள் தங்கள் துறைப் பாடத்துக்கு வெளியே படிக்கும் பாடங்கள்) பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் பதில் ஒரு முறைதான். பகுதி நான்கு என்பது பட்டப்படிப்பின் ஐந்து பகுதிகளில் இந்தப் பொதுப்பாடங்கள் வரும் பகுதி; அது என்ன என்று கேட்டவர்கள் தங்கள் கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தை முதலில் புரட்டிப் பார்க்கவும்.

என்.எம்.இ.க்கு (பிற துறையில் எடுக்கும் விருப்பப் பாடம்) எத்தனை கிரெடிட்? அவசரம்.
– உதவிப் பேராசிரியர், காரைக்குடி

எந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களுக்கு? சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத் திட்டத்தைப் பின்பற்றும் இணைவுக் கல்லூரியா? இரண்டையும் எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் என்ன செய்வேன்? பெரும்பாலும் தாளுக்கு 2 கிரெடிட், வாரம் 2 மணி நேரம், செமஸ்டருக்கு ஒரு 30 மணி நேரம். ஆனால் ஒரு மாணவருக்குப் பொருந்துவது அவர் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறைதான். முதலாண்டு புதிய திட்டத்தில் இருக்கும்போது மூன்றாமாண்டு பழையதில்தான் இருக்கும். சேர்ந்த ஆண்டைப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காத மாணவி. பகுதி ஒன்றில் (மொழிப்பாடம்) இந்தி எடுத்திருக்கிறார். தோழிகளோடு என்.எம்.இ. வகுப்புக்குப் போகலாமா?
– தமிழ்த்துறை, தேவகோட்டை

முடியாது. அவருக்கு அடிப்படைத் தமிழ். பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டுப் பகுதி ஒன்றில் வேறு மொழிக்குப் போனவருக்குச் சிறப்புத் தமிழ். மற்றவர்களுக்குத்தான் என்.எம்.இ. இதைச் சேர்க்கையின்போதே பிரித்துவிடுங்கள். ஐந்தாம் செமஸ்டரில் கண்டுபிடித்தால் அழுவது அந்தப் பெண்தான்.

மற்ற துறை மாணவர்களுக்கு நாங்கள் ஒரு தாள் தர வேண்டுமாம். எங்கள் முதல் செமஸ்டர் தாளையே கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தால் போதும்தானே? புதிதாக வந்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு ஒர்க் லோடும் சரியாகிவிடும்.
– இயற்பியல் துறைத் தலைவர், தன்னாட்சிக் கல்லூரி

வேண்டாம் ஐயா. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல துறைகள் செய்வது இதைத்தான். மேஜர் தாளை, அதாவது துறையின் முதன்மைப் பாடத்தாளை எடுத்து, கணக்கு வரும் இரண்டு யூனிட்டை வெட்டி, தலைப்பில் ‘அடிப்படை’ என்று சேர்த்து, பாடத்திட்டக் குழுவில் வைத்துவிடுவது. முதல் செமஸ்டர் தாள் இரண்டாம் செமஸ்டருக்குப் படியாக எழுதப்பட்டது. உங்கள் முன்னால் உட்காரும் வரலாற்றுத் துறை மாணவிக்கு அடுத்த படியே கிடையாது. இந்த வகுப்பு முடிந்தால் வாழ்நாளில் அவர் இன்னொரு இயற்பியல் வகுப்பில் உட்காரப் போவதில்லை. பரிமாணப் பகுப்பாய்வை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினால் தேர்வு மண்டப வாசலிலேயே உதறிவிட்டுப் போவார்.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் மே மாத மதியத்தில் நுழைந்தால் ஏன் குளுமையாக இருக்கிறது? கனத்த சுவர், உயரமான கூரை, அடுக்கிய நாட்டு ஓடு, திறந்த முற்றம், சுண்ணாம்புப் பூச்சு. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூன்றையும் அந்த ஒரு வீட்டை வைத்தே நடத்தலாம். அதே தெருவில் கான்கிரீட் தளம் போட்ட வீடு இரவு பத்து மணிக்கும் ஏன் காய்கிறது? ஒரு தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து அனுப்பினால் மாணவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். தாளின் அடுத்த பாடப் பகுதிக்கு மின்கட்டணம்: 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் என்பதில் தொடங்குங்கள். அப்புறம் இடி, மின்னல், எர்த்திங். இதுவும் இயற்பியல்தான், தரம் ஒன்றும் குறைந்துவிடாது.

வேதியியல்காரர்களுக்கு இன்னும் வசதி. ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்தே இறுக வைக்கிறார்கள். சுடாமல் ஏன் இறுகுகிறது என்ற கேள்விக்கே இரண்டு வகுப்பு போகும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் கல்லூரிக்கு வருகிறோம், ஆனால் பேட்டரி பற்றிய பாடத்தை ஏதோ ஒரு கைடிலிருந்து நடத்துகிறோம்.

அடுத்தது, யார் நடத்துவது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது விதி. அது குறைகிற இடத்தை அடைக்கும் சல்லிக்கல்லா பொதுப்பாடம்? சீனியர்கள் மேஜர் தாளைப் பிடித்துக்கொள்கிறார்கள், மிச்சம் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழுகிறது. துறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது, அவர்களுக்கு மொழி ஏற்கெனவே தெரியும். ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அனுபவம் வேண்டும். நீங்களே அந்த வகுப்பை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விருப்பப் பாடம் என்று அச்சடித்துவிட்டு, இந்த வகுப்பு முழுதும் வணிகவியலுக்கு, அந்த வகுப்பு முழுதும் நம்மிடம் என்று இரண்டு துறைத் தலைவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் முடிவெடுப்பது. அதற்குப் பெயர் விருப்பப் பாடம் அல்ல, பண்டமாற்று.

தாளைத் திருத்தினால், கல்விக்குழுத் தீர்மானம் (பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கல்லூரிக் குழுவின் முடிவு) கைக்கு வரும்வரை வகுப்பைத் தொடங்காதீர்கள்.

இது ஆசிரியர்கள் விஷயம். பொதுப்பாட அறிமுகக் கூட்டத்தில் அலுவலகப் பணியாளர்களுக்கு என்ன வேலை? அரை நாள் வீணாகிவிட்டது.
– கண்காணிப்பாளர், திருப்பத்தூர்

உங்களுக்குத்தான் வேலை அதிகம். மேஜர் வகுப்பில் ஒரே துறை, ஒரே பட்டியல். பொதுப்பாட வகுப்பில் பத்துத் துறைப் பிள்ளைகள் கலந்து இருப்பார்கள். வருகைப் பதிவு, ஹால் டிக்கெட், அகமதிப்பீட்டு மதிப்பெண் எல்லாம் பத்து இடத்துக்குப் பிரிந்து போக வேண்டும். பாடக் குறியீட்டில் ஓர் எண் மாறினால் தேர்வு எழுதிய மாணவர் மதிப்பெண் பட்டியலில் ஆப்சென்ட். பல பல்கலைக்கழகங்களில் பகுதி நான்கின் மதிப்பெண் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று முடிவுசெய்யும் கணக்கில் சேராது. அதனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆனால் அதில் தேறாமல் பட்டம் கிடையாது. கான்வொகேஷன் விண்ணப்பத்தின்போதுதான் குட்டு உடையும்.

மாணவர் பெறும் கிரெடிட்டை இணையத்தில் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கி தனித் தலைவலி. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், சான்றிதழில் முன்னால் என்றால் கணக்கு சேராது. முதலாண்டிலேயே சரிபாருங்கள்.

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கல்வித் தத்துவம் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, குறியீட்டுப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்புகிறோம் என்று கலைந்திருப்பார்கள். முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அலுவலகம், தேர்வுப் பிரிவு, நூலகம் மூன்றுக்கும் தனியாக ஒரு மணி நேரம், அதுவும் கால அட்டவணை முடிவாகும் முன்பே, கையில் பட்டியலோடு.

சுற்றுச்சூழல் பாடத்தில் களப்பணிக்குப் பதில் வீடியோ காட்டலாமா?
– உதவிப் பேராசிரியர், தேவகோட்டை

கூடாது. 1991 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி வந்த பாடம் இது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வகுத்த 50 வகுப்புகளில் 5 களப்பணிக்கு. பஸ் வேண்டாம், பணம் வேண்டாம், பக்கத்து ஊரணிக்கு நடந்து போங்கள். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள்.

பொதுப்பாடத்துக்கு ஒரே பாடநூலை 50 பிரதி வாங்கச் சொல்கிறார்கள்.
– நூலகர், காரைக்குடி

5 போதும். மீதிப் பணத்தில் அந்தத் துறை சாராதவருக்காகத் தமிழில் எழுதப்பட்ட நூல்கள் பத்துப் பதினைந்து வாங்குங்கள்.

ஸ்வயம் இணையவழிப் பாடத்தைப் பொதுப்பாடத்துக்கு ஈடாக வைக்கலாமா?
– ஒருங்கிணைப்பாளர், தன்னாட்சிக் கல்லூரி

வைக்கலாம். மானியக் குழுவின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இடம் உண்டு. ஆனால் மாணவர் பதிவு செய்யும் முன் கல்விக்குழுத் தீர்மானம் வேண்டும். படித்து முடித்த பிறகு ஈடு கேட்டு ஓடாதீர்கள்.

மானியக் குழுவின் 2022 திட்டத்தில் பல்துறைப் பாடத்துக்கு 9 கிரெடிட். நம் பகுதி நான்கும் அதுவும் ஒன்றுதானே?
– பெயர், ஊர் இல்லை

இல்லை. அங்கே மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நம் ஐந்து பகுதி அமைப்பில் சுமார் 140. இரண்டு பட்டியலையும் கலந்து ஸ்லைடு போடாதீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும்?
– உதவிப் பேராசிரியர், திருப்பத்தூர்

இரண்டு ஆண்டில் 240. சிறப்பு முகாம் தனி. பகுதி ஐந்து (விரிவாக்கப் பணி) கிரெடிட்டுக்கு உங்கள் கல்லூரியில் எவ்வளவு என்றால், மறுபடியும், சேர்ந்த ஆண்டைப் பாருங்கள்.