கறுப்புத் திரையில் என்னதான் செய்கிறான்?

மாம்பலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. ராத்திரி ஒரு மணி வரை கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறானாம். கேட்டால் "ஃபோட்டோ எடிட் பண்றேம்மா" என்கிறான். ஆனால் திரையில் ஒரு ஃபோட்டோவும் இல்லை! பேசாமல் 70,000 ரூபாய் கட்டி கிராஃபிக் டிசைன் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்த கோர்ஸ் வேறு, அவன் பழகுவது வேறு. டிசைனர் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்து அதை அழகாக்குவார். உங்கள் மகன் ஒரே வேலையை ஆயிரம் படங்களுக்கு ஒரு வரிக் கட்டளையில் முடிக்கப் பார்க்கிறான். பெரும்பாலும் இமேஜ்மேஜிக் வைத்திருப்பான், கட்டளை கொடுத்துப் படங்களை மாற்றும் மென்பொருள் அது. 1987இல் ஜான் கிறிஸ்டி என்பவர் டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கியது. 1990இல் இலவசமாக வெளியானது, இன்றும் காசில்லை.

உங்கள் பக்கத்திலேயே தி.நகர் இருக்கிறது. ஒரு புடவைக் கடை ஆன்லைனில் போட 400 படம் எடுத்திருக்கிறது என்று வையுங்கள். எல்லாம் ஒரே அளவு சதுரமாக வேண்டும், ஓரத்தில் வெள்ளை நிரப்ப வேண்டும், மூலையில் கடைப் பெயர் வர வேண்டும், பக்கம் சீக்கிரம் திறக்க வெப்பி (WebP) என்ற சின்ன ஃபைல் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்தால் நாள் கணக்கு. கட்டளை தெரிந்தவர் அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் ஃபோட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி இருக்க வேண்டும். இதற்காகத்தானே பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறார்கள்? அடுத்த முறை சொந்தத்தில் யாராவது கேட்டால் அவனிடம் கொடுங்கள்.

அப்புறம் சில கேள்விகள் கேளுங்கள். இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்ற கட்டளை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும் என்று தெரியுமா? எனக்கு ஒரு காலத்தில் தெரியவில்லை. அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்களை வாட்ஸ்அப்புக்காகச் சின்னதாக்கினேன். அசல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆல்பம் போட முடியாததை அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். கட்டளையோடு 'பாத்' என்ற சொல்லையும் கொடுத்து வேறு ஃபோல்டருக்கு அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இன்னொன்று: ஃபோனில் எடுத்த படம் ஏன் சில சமயம் படுத்துக்கொள்கிறது? எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருக்கிறது. ஃபைலுக்குள் இருக்கும் குறிப்புகளை அழிக்கும் 'ஸ்ட்ரிப்' கொடுத்தால், எடுத்த இடம் போன்ற விவரங்களோடு அதுவும் போய்விடும். ஆகவே அந்தக் குறிப்பைப் பார்த்துப் படத்தை நேராகத் திருப்பும் 'ஆட்டோ-ஓரியன்ட்' முதலில், 'ஸ்ட்ரிப்' பிறகு. கடைசியாக, படத்தின் மேல் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துரு கொடுக்காவிட்டால் கட்டம் கட்டமாக வரும். கொடுத்தும் 'கொ'வில் கொம்பு இடம் மாறி நின்றால், அவனுடைய இமேஜ்மேஜிக்கில் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் (Raqm) என்ற துணை மென்பொருள் சேர்க்கப்படவில்லை. இதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்தான் என்றால், பையன் சும்மா விளையாடவில்லை.

இனி வேலை. இமேஜ்மேஜிக் மட்டும் தெரிந்தவருக்கு வேலை கிடைக்குமா என்றால், அதை நம்பி உட்கார வேண்டாம். கூடவே கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட், பைத்தான் மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ, எழுதிய நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மூன்றும் வேண்டும். அவற்றோடு ஆன்லைன் கடைகளின் கேட்டலாக் வேலைக்கும் இணையதளப் பராமரிப்புக்கும் போகலாம். பழைய நூல்களை ஸ்கேன் செய்து காக்கும் வேலையும் இந்த ஊரில் நடக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம். கோணலாக ஸ்கேனான பக்கத்தை இமேஜ்மேஜிக்கின் 'டெஸ்க்யூ' நிமிர்த்தும், டெசராக்ட் என்ற மென்பொருள் அதிலுள்ள தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும்.

எனக்கு இன்னும் நல்லதாகத் தோன்றும் வழி அவன் படிக்கும் பி.காமிலேயே இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகங்களில் பில்கள் கட்டுக்கட்டாக ஸ்கேனாகின்றன. அவற்றை நிமிர்த்தி, தேதிவாரியாகப் பெயர் மாற்றி, பிடிஎஃப் ஆக்கித் தர கணக்கும் தெரிந்த, கட்டளையும் தெரிந்த ஆள் அங்கே லேசில் கிடைக்க மாட்டார். இன்டர்ன்ஷிப் கேட்கும்போது இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். டிகிரியை மட்டும் பாதியில் விடக்கூடாது, அதில் கண்டிப்பாக இருங்கள்.

கற்க காசு வேண்டாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற வீடியோ பாடத் தொகுப்பில், இந்தக் கட்டளைகளைப் பழக உதவும் லினக்ஸ் இயங்குதளப் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ரிச்சி தெருவுக்குப் போய் அவன் லேப்டாப்புக்குக் கூடுதல் ரேம் போட்டுக் கொடுங்கள். நுணுக்கமாக (300 டிபிஐ) ஸ்கேன் செய்த பக்கங்களை நூற்றுக்கணக்கில் ஓட்டும்போது முதலில் திணறுவது அதுதான்.