டைனமின் சவ்வின் கழுத்தை நூல் கட்டி இறுக்குவது போல இறுக்கித்தான் அறுக்கிறதா?

செல் வெளிப்பொருளை உள்வாங்கும்போது, உருவாகும் சவ்வுக் குமிழைத் துண்டித்துவிடும் புரதம்தான் டைனமின். அது இறுக்குவது உண்மை. ஆனால் இறுக்கினால் மட்டும் அறாது. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். சிலவற்றில் கத்தரிக்கோலே போட்டிருப்பார்கள்! கத்தரித்தால் இரண்டு பக்கமும் வாய் திறந்து கசியும். செல்லில் அப்படிக் கசிவதில்லை.

கிளாத்ரின் என்ற புரதம் பூசிய சவ்வுக் குழி உள்வாங்கி, ஒரு கழுத்தால் மட்டும் வெளிச்சவ்வோடு ஒட்டியிருக்கும் கட்டத்தில் எண்டோஃபிலின், ஆம்ஃபிஃபைசின் போன்ற பிறை வடிவப் புரதங்கள் டைனமினை அங்கே சேர்க்கின்றன. டைனமினின் பிஎச் என்ற சவ்வு பற்றும் பகுதி, சவ்விலுள்ள பிஐபி2 என்ற லிப்பிடை (கொழுப்பு மூலக்கூறை)ப் பற்றிக்கொள்ள, மூலக்கூறுகள் கோத்துக் கழுத்தைச் சுருளாகச் சுற்றும். அடுத்தடுத்த சுற்றுகளின் ஜி பகுதிகள் (நொதிப் பகுதிகள்) ஜோடி சேர்ந்து, ஆற்றல் தரும் மூலக்கூறான ஜிடிபியை (GTP) உடைக்கும்போது சுருள் இறுகி, சுமார் 50 நானோமீட்டர் வெளிவிட்டம் 40க்கு வரும். உள்ளே இருக்கும் நீர்வழி 4 நானோமீட்டர் அளவுக்கு ஒடுங்கினால்தான் சவ்வின் உட்பக்க அடுக்கு தன்னோடு தானே ஒட்டும். வெளிப்பக்க அடுக்கு அப்போதும் அறுபடாமல் இருக்கும். இந்த அரைப்பிளவு நிலைக்குப் பிறகே அதுவும் பிரிகிறது. கசியாததற்குக் காரணம் இதுதான்.

இறுக்கம் போதாது என்று நான் சொல்வதற்கு ஆதாரம் டைனமினின் கே44ஏ என்ற திரிபு (ஓர் அமினோ அமிலம் மாற்றப்பட்ட வடிவம்). 2014இல் வெளியான கட்டமைப்பில் அது நீர்வழியை 3.7 நானோமீட்டர் வரை நெருக்கியும் சவ்வு அறவில்லை. ஜிடிபியைச் சரியாக உடைக்க அதனால் முடியாது. சுருள் கலைவதுதான் கடைசி அடியா, தொடர் இறுக்கமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஜிடிபி உடையாமல் வேலை முடியாது என்பதில் இரு தரப்புக்கும் சம்மதம்.

செல்லிலிருந்து வெளியே துருத்தும் மொட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள். எச்ஐவி வெளியேறும்போதும் செல் பிரிதலின் கடைசிக் கட்டத்திலும் கழுத்தின் உட்புறம்தான் சைட்டோசால் (செல்லின் உள்திரவம்); டைனமின் சுற்றும் கழுத்தில் அது வெளிப்புறம். அங்கே எஸ்கார்ட்-3 என்ற புரத இழைகள் உள்ளிருந்து வேலை செய்கின்றன. அவற்றைக் கலைப்பது விபிஎஸ்4 என்ற நொதி, அதற்கு எரிபொருள் ஏடிபி (ATP).

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைனமினைத் தடுக்கும் டைனசோர் என்ற மருந்தைப் போட்டு, உள்வாங்கல் நின்றது, ஆகவே டைனமின்தான் என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். டைனமின் மூன்று வகையும் நீக்கிய செல்களிலும் அந்த மருந்து திரவ உள்வாங்கலைக் குறைக்கிறது. வழக்கமான அளவு 80 மைக்ரோமோலார். சீரம் இருந்தால் அதன் புரதங்கள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், எனவே சீரம் இல்லாத ஊடகத்தில் போடுங்கள். கே44ஏ அல்லது மரபணு நீக்கிய செல்லோடு ஒப்பிட்ட பிறகே முடிவை எழுதுங்கள்.