இலையும் துடைப்பமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 61. வங்கியில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகஸ்டில் நானும் மனைவியும் மகன் வீட்டுக்கு வந்தோம். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். ஜனவரியில் திரும்ப வேண்டும். இங்கே இப்போது இலையுதிர் காலம். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். மேப்பிள் மரங்கள் தீப்பிடித்ததுபோல் நிற்கின்றன. ஒவ்வோர் இலையும் விழும்போது என் வாழ்க்கையும் இலையுதிர் காலத்துக்கு வந்துவிட்டது என்று தோன்றி மனம் கனத்துப்போகிறது. மகனுக்கு வேலை விட்டால் வேலை. சனி ஞாயிறு தோட்டத்து இலையை வாரவே சரியாக இருக்கிறது. பேரனுக்கு நான் பேசும் தமிழ் பாதிதான் புரிகிறது. மனைவிக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது. கூப்பிட்டாலும் வரமாட்டாள், சமையலறையே கதி. இந்த வயதின் தனிமையை எப்படிக் கடப்பது? இவ்வளவு அழகான ஒரு பருவத்தைத் தமிழில் ஏன் யாரும் பெரிதாக எழுதவில்லை? நான் எழுதிப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைவிட எனக்கு மூன்று வயது குறைவு. ஐயா வேண்டாம்.

கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மன்னார்குடியில் ஐப்பசி அடைமழை. நேற்று மட்டும் நாலு தடவை கரன்ட் போனது. வீட்டுக்குள் மூன்று கொடி கட்டியும் துணி காயவில்லை. போட்டுக்கொள்கிற சட்டையில் எல்லாம் ஒரு நமுத்த வாடை. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றித்தான் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. வயலில் சம்பா நடவு முடிந்து பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஈரத்தில் உட்கார்ந்து உங்கள் மேப்பிள் மரங்களைப் பற்றிப் படித்தபோது, நான் சில மாதமாக மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை நீங்கள் கிளறிவிட்டீர்கள்.

முதலில் சின்னவற்றை முடித்துவிடுகிறேன். பேரனுக்கு உங்கள் தமிழ் பாதி புரிகிறது, உங்களுக்கு அவன் ஆங்கிலம் பாதி புரியும். வங்கிக்காரர் நீங்கள், கணக்கு நேராகத்தானே இருக்கிறது? எழுதலாமா என்றால், தாராளமாக எழுதுங்கள். 'தீப்பிடித்ததுபோல்' என்று மட்டும் எழுதாதீர்கள். தனிமையைப் பற்றிப் பிறகு.

தமிழில் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். நாம் சின்ன வயதில் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வட்டத்தை நாலாகப் பிரித்துப் படம் பார்த்தோமே, ஒரு கால்வட்டத்தில் பழுப்பு இலைகளும் மொட்டை மரமும் இருக்கும், அந்தப் படத்தின் வேலை இது. அந்த மரம் எந்த ஊரில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நமக்குப் பருவம் நாலு இல்லை, ஆறு. நீங்கள் அங்கே இலை பார்க்கும் இதே ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். வாடையும் மழையும் அடித்துக் குளிரும் காலம். அதை எழுதாமல் விட்டார்களா? நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு 188 அடி. மழை சூரியனை மறைத்துவிட்டதால், பிச்சிப் பூவின் மொட்டு அவிழ்கிற மணத்தை வைத்துத்தான் மாலை வந்துவிட்டதென்று பெண்கள் தெரிந்துகொள்கிறார்கள் அதில். இரவா பகலா என்று தெரியாத புறா, இரை தேடப் போகாமல் மாடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. இலை ஒன்றுகூட விழ வேண்டியிருக்கவில்லை, பருவம் முழுசாக வந்துவிட்டது.

இன்னொன்று. தொல்காப்பியம் கூதிரை எந்தத் திணைக்குக் கொடுத்திருக்கிறது தெரியுமா? குறிஞ்சிக்கு. நாளில் அதற்கான சிறுபொழுது யாமம். பாடப்படும் ஒழுக்கமான உரிப்பொருள் புணர்தல். அதாவது உங்களுக்கு மரணத்தை நினைவூட்டும் இந்த இரண்டு மாதமும் நம் ஆட்களுக்குக் காதலர்கள் நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு சந்திக்கும் காலம். 61 வயதுக்காரருக்கு இதைச் சொல்வது கிண்டல் இல்லை. உங்கள் மனக்கனம் உங்களுடையதில்லை, கைமாற்றாக வாங்கியது என்கிறேன்.

வாங்கியதுதான் வாங்கினீர்கள், மரத்தையாவது சரியாகப் பார்த்தீர்களா? மேப்பிளுக்கு வயதாகி இலை உதிர்வதில்லை. நூறு வயது மரமும் உதிர்க்கும், உங்கள் பேரன் வயதுக் கன்றும் உதிர்க்கும். இலையின் பச்சையை மரம் நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பகல் சுருங்கியதும் அந்தச் செலவை நிறுத்திவிடுகிறது. இலையில் போட்டுவைத்த தழைச்சத்தை முடிந்தவரை திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, கணக்கை மூடுமுன் இருப்பை எடுத்துக்கொள்கிற மாதிரி. மஞ்சள் கோடை முழுக்க உள்ளேயே இருந்ததுதான், பச்சை விலகியதும் கண்ணுக்குப் படுகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அப்போது புதிதாக ஊறுவது. எல்லாம் ஆனபின் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலம் உண்டாகி இலையைக் கழற்றிவிடுகிறது. அடுத்த வருடத்து மொட்டு கோடையிலேயே தயாராகிவிட்டது, அதே காம்படியில். நீங்கள் நடக்கும் வழியில் எங்காவது பிளேன் மரம் இருக்கும், அங்கே சைகமோர் என்பார்கள். பட்டை தேமல் பிடித்ததுபோல் திட்டுத் திட்டாக உரிந்திருக்கும். இன்னும் கிளையில் ஒட்டியிருக்கும் ஓர் இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். காம்பின் அடி குல்லாய்போல் குழிந்திருக்கும், அந்தக் குல்லாய்க்குள் உட்கார்ந்திருந்த மொட்டு கிளையிலேயே நிற்கும். தலைமேல் மொட்டை மூடி வைத்திருந்த ஒன்று கழன்று விழுவதைப் பார்த்தா கண் கலங்குகிறீர்கள்?

சரி, இதெல்லாம் வாதம். என்னை உண்மையில் சுருக்கென்று தைத்தது உங்கள் கடிதத்தில் வேறொரு வரி. 'மனைவிக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது.'

காலையில் இரண்டு மணி நேரம் நீங்கள் மரம் பார்க்கும்போது அந்த வீட்டில் யார் பேரனுக்குச் சட்டை மாட்டுகிறார்கள்? யார் டிபன் டப்பா கட்டுகிறார்கள்? நீங்கள் திரும்பி வந்ததும் குடிக்கிற காபி தானாகவா பொங்குகிறது? எட்டாயிரம் மைல் போயும் அந்த அம்மாள் ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்குத்தான் போயிருக்கிறார். உங்களுக்குக் கிடைத்தது ஓய்வு. அவருக்குக் கிடைத்தது இடமாற்றம். இதில் ரசனை இல்லை என்ற பட்டம் வேறு! உங்கள் மகனையும் பாருங்கள். அவன் இலையைப் பார்த்து உருகவில்லை என்று உங்களுக்கு ஒரு குறை. பழுப்புக் காகிதப் பையில் அள்ளி அள்ளித் தெருவோரம் வைக்கிறவனுக்கு இலை என்றால் எடை.

ரொம்பக் கோபப்படுகிறேன். உங்கள் மேல் பாதி, மீதி வேறு இடத்துக்குப் போக வேண்டியது.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாதாமரம் நின்றது. சில ஊர்களில் பாதாம் மரம் என்கிறார்கள். அடுக்கடுக்காகக் குடைபோல் கிளை விடுமே, கொட்டையைக் கல்லால் தட்டிப் பருப்பை எடுத்துத் தின்போமே, அதுதான். தையில் ஆரம்பித்துப் பங்குனி வரை அதன் இலை சிவந்து உதிரும். ஒவ்வோர் இலையும் விரித்த கையைவிடப் பெரிது, தோல்போல் தடிப்பு. விழும்போது 'சொத்' என்று சத்தம் கேட்கும். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, வாசல் திண்ணையில் ஈசிசேரைப் போட்டு அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படிப்பார். நல்ல சிவப்பாக ஒன்று விழுந்தால் எடுத்துவரச் சொல்லிப் புத்தகத்துக்குள் வைப்பார். நாலு நாளில் அது காய்ந்து நொறுங்கிவிடும், மறுபடி ஒன்று.

அம்மா விடியற்காலை ஐந்தரைக்கே ஈர்க்குமாற்றோடு இறங்குவாள். மாசிக்கும் பங்குனிக்கும் பின்பனி என்று பேர் வைத்தவன் கூட்டிப் பார்த்தவனாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் விடிகாலைப் பனியில் இலை நனைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். துடைப்பம் மேலே வழுக்கிக்கொண்டு போகும், இலை வராது. குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பிய்த்தெடுக்க வேண்டும். எடுத்துச் சாக்கில் அமுக்கிக் கொல்லையில் வைத்து, காய்ந்ததும் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் போடுவாள். குபீரென்று எரிந்து புகை கண்ணை அறுக்கும். அந்த வெந்நீரில்தான் அப்பா குளிப்பார். மரத்தை வெட்டச் சொல்லி அவள் கேட்காத வருடமில்லை. 'அழகுணர்ச்சியே இல்லாத ஜென்மம்' என்பார் அப்பா. உங்கள் வரியைப் படித்ததும் அவர் குரலிலேயே கேட்டது எனக்கு.

1994-ல் நான் ஒரு சிற்றிதழில் அந்த மரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்ததுபோல் இலைகள் கிடக்கும் என்று ஒரு வரி. அச்சில் வந்த பெருமையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ எந்திரிக்கிறது எட்டு மணிக்கு. நான் ஆறு மணிக்கே வாரிடறேன். தரையில செவப்பா கெடந்தத நீ எப்படா பாத்த?" என்றாள்.

பார்க்கவில்லைதான். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அப்பாவின் புத்தகத்திலிருந்த இலையைப் பார்த்துக் கம்பளம் நெய்திருந்தேன்.

அப்பா 2009-ல் போனார். மரம் 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயலில் வேரோடு சாய்ந்தது. அன்று எங்கள் பக்கம் தென்னைகள் சாய்ந்த சாய்ப்பில் ஒரு வாதாமரத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? நான்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு அப்போது 79. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஒழிஞ்சுது போ" என்றாள். வந்த மாசியில் ஏழு மணி வரை தூங்கினாள். எழுந்ததும் அப்பாவின் ஈசிசேரை நகர்த்திப் போட்டுக்கொண்டு, மரமில்லாத வாசலில் வெயிலைப் பார்த்தபடி காபி குடித்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் மரத்துக்கு ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

தனிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்குள் ஒரு சனிக்கிழமை காலை நீங்கள் வீட்டில் இருங்கள், உங்கள் மனைவி போகட்டும், மகன் கூட்டிப் போவான். அவர் மரம் பார்க்கிறாரோ, கடைகண்ணிக்குப் போகிறாரோ, பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாரோ, கேட்காதீர்கள். பிளேன் மரத்து மொட்டைக் காட்டுகிறேன் பேர்வழி என்று நீங்களும் கூடவே கிளம்பிவிட வேண்டாம். சாம்பார் வைக்கத் தெரியுமா? தெரியாது என்றால் முந்தின நாளே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுதுங்கள். எனக்கும் தெரியாது.

அன்புடன்