நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் துறையில் வேலை உண்டா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், மாசடைந்த நிலத்தடி நீரை மீட்கும் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "சோறு போடுமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது.

அவரை ஈர்த்தது எது என்று முதலில் பாருங்கள். கிணற்றில் போடும் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உங்களுக்குத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பாரஃபின் மெழுகோடு கலந்து உருளைகளாக வார்த்து, கோசாட் என்ற ஊரின் பழைய குப்பைக்கிடங்கில் மண்ணுக்குள் இறக்கினார்கள். அங்கே நிலத்தடியில் இருந்தது ட்ரைகுளோரோஎத்திலீன். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பான். களிமண்ணுக்குள் ஊறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கசியும். பெர்மாங்கனேட் அதை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும். ஆனால் இந்த மருந்தை ஒரே தடவையாகச் செலுத்தினால், அது தீர்ந்த பிறகும் கசிவு நிற்காது. மாசு மறுபடி ஏறும். மெழுகிலிருந்து சிறுகச் சிறுகக் கரையும் மருந்து நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். இதிலும் தொல்லை உண்டு: வினையில் பிறக்கும் மாங்கனீசு டைஆக்சைடு உருளையின் மேலேயே படிந்து, மருந்து வெளிவருவதை மட்டுப்படுத்தும்.

இதே உருளையை ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவுக்குப் பயன்படுத்தினால் விபரீதம்தான். ஆக்சிஜனேற்றம், மூன்று இணைதிறன் குரோமியத்தை நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும். அங்கே தேவை அதற்கு நேர்மாறான ஒடுக்க வினை. எந்த மாசுக்கு எந்த வினை என்று சொல்வது வேதியியல்தான். ஆகவே, பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள். அவருடைய பலமே வேதியியல். எம்.எஸ்சி. வேதியியலே படிக்கட்டும், நிலத்தடி நீரியலை ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) இணைய வகுப்புகளில் சேர்த்துப் படிக்கட்டும்.

பிறகு இரண்டு வழிகள். யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு மூலம் மத்திய நிலத்தடி நீர் வாரியம் வேதியியலாளர்களையும் எடுக்கிறது. இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. இன்னொன்று, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2021 முதல் தனித்தாளாக இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாளை எழுதி எம்.டெக். அல்லது ஆராய்ச்சிக்குப் போவது. தனியார் ஆலோசனை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஐ.டி. துறை அளவுக்கு இருக்காது. முதல் சில ஆண்டுகள் வெயிலில் மாதிரி எடுப்பதிலும் அறிக்கை எழுதுவதிலுமே போகும்.

வெளிநாட்டு முதுகலைக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். உதவித்தொகையுடன் பிஎச்.டி. கிடைத்தால் அப்போது அனுப்புங்கள். அதற்கு முன், இந்தக் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுங்கள். புட்டிகளைக் கழுவி, முகப்புச்சீட்டு ஒட்டி, ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்த பிறகும் இதே பிடிவாதம் இருந்தால், விண்ணப்பத்தை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம்.